அப்பாவுக்கு ஏழு நாள்

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், கூலாயில் ஒரு கடைவரிசையின் கடைசிக் கதவு எங்களுடையது. பலகை கிடையாது, கண்ணாடி அலமாரி கிடையாது. உள்ளே நான்கு பெரிய அடுப்பு, இரண்டு கிரைண்டர், ஆள் உட்கார்ந்து குளிக்கக்கூடிய அண்டாக்கள். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் இங்கே சமைத்து, வேனில் ஏற்றிக் கொண்டுபோய், இலை போட்டுப் பரிமாறிவிட்டு வருவோம். முதலாளி நான். வேன் ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். அவரைக் கேட்டால் முதலாளி தான்தான் என்றும், வேன் ஓட்டுவது பொழுது போவதற்காக என்றும் சொல்வார். ஆனால் பதிவுப் பத்திரத்தில் இருப்பது என் பெயர். சட்டம் மாறினால் அது வந்து விழுவதும் என் தலையில்தான்.

கொஞ்ச காலமாக இந்தச் சட்டம் மாறுகிற வேகம் இருக்கிறதே, என் வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்துவிட்டது. குறைந்தபட்சச் சம்பளம் ஏறியது. வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரமாக இருந்த வேலை நாற்பத்தைந்தானது. பாலியல் தொல்லை பற்றி வேலையிடத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும் என்றார்கள். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒட்டினேன், நீராவி பட்டு மூன்று தடவை உரிந்து விழுந்தது. ரசீதெல்லாம் இனிமேல் கம்ப்யூட்டர் வழியாக வரி இலாகாவுக்குப் போக வேண்டும் என்றார்கள். ஜோகூரில் வார விடுமுறையே வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறியது. அது ஒன்றைத்தான் நான் திட்டவில்லை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு வந்து, அவசரமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடியவர்கள், இப்போது நிதானமாக உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயாசம் கேட்கிறார்கள்.

இதையெல்லாம் விளக்கிச் சொல்வதற்காக ஜோகூர் பாருவில் நம் வியாபாரிகளுக்கு ஒருநாள் கூட்டம் போட்டார்கள். இலவசம், மதியம் பிரியாணி. வீட்டுக்காரர் வர மாட்டேன் என்றார், பிரியாணி என்றதும் சட்டையை மாற்றிக்கொண்டார். மேடையில் பேசியது ஒரு வக்கீல் பெண். நல்ல தமிழ், கணீரென்ற குரல். பெண்களுக்குப் பேறுகால விடுப்பு தொண்ணூற்றெட்டு நாளாகிவிட்டது என்றார், தலையாட்டினோம். ஆண்களுக்கும் உண்டு, மனைவிக்குப் பிள்ளை பிறந்தால் கணவனுக்குச் சம்பளத்தோடு தொடர்ந்து ஏழு நாள் என்றார். மண்டபமே சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த துணிக்கடை அம்மா, என் வீட்டுக்காரருக்கு ஏழு நாள் லீவு கொடுத்தால் பிள்ளையோடு சேர்த்து அவரையும் நான்தான் குளிப்பாட்ட வேண்டும் என்றார். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது நான்தான்.

அந்த வக்கீல் சிரிக்கவில்லை. இதை மீறினால் ஐம்பதாயிரம் வெள்ளி வரை அபராதம் என்றார், சிரிப்பு அடங்கியது. உங்களிடம் ஒரு வருடமாவது வேலை செய்திருக்க வேண்டும், கல்யாணமானவராக இருக்க வேண்டும், முப்பது நாளுக்கு முன்னாலேயே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். அந்த நேரம் பார்த்துப் பின்கதவு வழியாகப் பிரியாணி மணம் வந்தது. சமைக்கிற தொழிலில் இருப்பவளுக்கு அடுத்தவர் பிரியாணி மணம் வந்தால் உட்கார முடியாது. தம் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க எழுந்து போய்விட்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

இனி எங்கள் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவனில்லை, எங்கள் சமையல்காரன். வந்து ஒன்பது வருடமாகிறது. வந்த புதிதில் வெங்காயம் உரித்தவன், மூன்றாம் வருடம் என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டான். நானும் நிம்மதியாகக் கொடுத்துவிட்டு ஆர்டர் பிடிக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டேன். தினமும் முதல் கரண்டியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி என் மேசைக்குக் கொண்டுவருவான். நான் ருசி பார்த்துத் தலையசைத்த பிறகுதான் வேனில் ஏற்றுவார்கள். தலையசைக்காத நாள் என்று ஒன்று எனக்கு ஞாபகம் இல்லை.

அவன் வீடு பண்டார் தெங்காராவில். கல்யாணமாகி ஏழு வருடம் பிள்ளை இல்லை. இரண்டு பக்கமும் பெரியவர்கள் யாரும் உயிரோடு இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அவன் மனைவி ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்தவள், குனிந்த தலை நிமிராமல் பேசுகிற பெண். போகாத ஆஸ்பத்திரி இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை. கடைசியில் ஒருநாள் காலை அவன் வந்து அடுப்பைப் பற்றவைக்காமல் என் மேசை முன்னால் நின்றான். இரண்டு கையையும் சேர்த்துப் பிள்ளையை ஆட்டுவது போல ஆட்டிக் காட்டினான். எனக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த பேனாவைப் போட்டுவிட்டு அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். சமையல்கட்டில் இருந்த இரண்டு பெண்களும் குலவை போட்டார்கள். அன்றைக்கு ஆர்டரில் இல்லாத கேசரி ஒன்று வேனில் ஏறியது.

அதற்குப் பிறகு ஒரு சில மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, புருஷனும் மனைவியுமாக வந்தார்கள். அவள் கையில் தாம்பாளம். வெற்றிலை பாக்கு, சீப்பு வாழைப்பழம், கற்கண்டு, மேலே ஒரு நீளமான உறை. உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. இதைப் பார்த்துக்கோங்க அக்கா என்று நீட்டினாள். நான் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. யார் வீட்டுக் கல்யாணத்துக்குச் சமைக்கிறோமோ அவர்கள் பத்திரிகையைச் சாமி மேடையில் வைத்துவிடுவோம். சமைக்கிற நாள் வந்ததும் அதை எடுத்து அடுப்புக்கு முன்னால் வைத்து, சூடம் காட்டிவிட்டுத்தான் நெருப்பு மூட்டுவோம். அந்த மேடையில் எப்போதும் பத்துப் பதினைந்து பத்திரிகை அடுக்கியிருக்கும். மஞ்சள் தடவிய உறை என்றால் எனக்கு வேறென்ன தோன்றும்? வளைகாப்புப் பத்திரிகை என்று நினைத்து, பிரிக்காமலேயே அந்த அடுக்கில் செருகினேன். இரண்டு வாரத்தில் வளைகாப்பென்று தம்பி வாயாலும் சொன்னான். போனேன், அவளுக்குக் கை நிறைய வளையல் போட்டுவிட்டேன், ஏழு வகைச் சாதத்தையும் சாப்பிட்டேன். விஷயம் முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

பிள்ளை பிறந்தது ஒரு வியாழக்கிழமை. பெண் குழந்தை, அறுவைச் சிகிச்சை. அந்த ஞாயிற்றுக்கிழமை பொந்தியானில் எங்களுக்கு அறுநூறு இலை. கோயில் கல்யாணம், முழுச் சைவம்.

வெள்ளிக்கிழமை காலை தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்கு வந்தான். முகத்தில் தூக்கமே இல்லை, ஆனால் அப்படி ஒரு வெளிச்சம். குழந்தையின் படத்தைக் காட்டினான். நான் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்து, மூக்கு உன்னுடையதில்லை, நல்லவேளை என்றேன். எல்லாரும் சிரித்தோம். அப்போதுதான் அவன் சொன்னான், நாளையிலிருந்து ஏழு நாள் லீவு எடுத்துக்கிறேன் அக்கா என்று.

எனக்குக் கோபம் வந்தால் வாய்தான் முதலில் கிளம்பும். பிள்ளை பெற்றது நீயா அவளா என்று கேட்டேன். அறுநூறு இலையை வைத்துக்கொண்டு எனக்கு லீவா என்று கேட்டேன். ஒன்பது வருடமாகக் கூடப் பிறந்தவன் மாதிரி வைத்திருந்ததற்கு இதுதான் மரியாதையா என்று கேட்டேன். அவன் மெதுவாக, சட்டத்தில் இருக்கிறது அக்கா என்றான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன்.

"சட்டம் எனக்கும் தெரியும் தம்பி. நானும் கூட்டத்துக்குப் போனவதான். முப்பது நாளுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும். நீ சொன்னியா?"

"கொடுத்தேனே அக்கா."

எதைக் கொடுத்தாய், எங்கே கொடுத்தாய் என்று நான் மேலும் கத்தினேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் இடம் கொடுக்கவில்லை. சரிக்கா, நாளைக்கு வர்றேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனான். மூலையில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் தலையைத் தூக்கவில்லை. வீட்டுக்காரர் மட்டும், அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து யார் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று கேட்டார். நாளை மதியம் வீட்டுக்கு அனுப்புகிறார்களாம், தம்பி அவரிடம் சொல்லியிருக்கிறான். எனக்கு உறைத்தது. ஆனாலும் யாராவது இருப்பார்கள் என்றேன். யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை விடிந்ததும் வந்துவிட்டான். சாம்பார்ப் பொடிக்குத் துவரம்பருப்பை அளந்து போட்டான், வடைக்குக் கடலைப்பருப்பை ஊறவைத்தான். கரண்டியை நான் கொடுத்த நாளிலிருந்து அடுப்படியில் பாட்டு முணுமுணுக்காமல் அவன் வேலை செய்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் கிரைண்டர் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மறுநாளைக்கான பொடியும் இனிப்பும் சனிக்கிழமையே முடிந்தாக வேண்டும், முதல் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். நான் பொந்தியான் பத்திரிகையை எடுக்கச் சாமி மேடைக்குப் போனேன். அடுக்கில் கையை விட்டு இழுத்தபோது, இரண்டு பத்திரிகை ஒட்டிக்கொண்டு வந்தது. ஒன்று பிள்ளையார் படம் போட்ட பொந்தியான் பத்திரிகை. இன்னொன்று மஞ்சள் மூலை போட்ட அந்த நீள உறை. வளைகாப்புதான் முடிந்துவிட்டதே, எடுத்துவிடலாம் என்று பிரித்தேன்.

உள்ளே ஒரே ஒரு தாள். கோடு போட்ட தாளில், தமிழ்ப்பள்ளியில் படித்த கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் முத்து முத்தாக. மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு என்று தொடங்கியது. ஏழு வருடத்துக்குப் பிறகு எங்களுக்கு ஒரு பிள்ளை வருகிறது, மருத்துவர் சொன்ன நாள் இது, புதிய சட்டப்படி என் கணவருக்கு ஏழு நாள் விடுப்புத் தர வேண்டுகிறோம், முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பதால் இப்போதே தெரிவிக்கிறோம் என்று எழுதியிருந்தாள். கீழே தம்பியின் கையெழுத்து. மேலே இருந்த தேதி, முப்பது நாள் என்ன, இரண்டு மாதத்துக்கும் முந்தியது. கடைசியில் ஒரு வரி: எங்களைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்பது அக்காவுக்குத் தெரியும்.

நல்ல சேதியாயிற்றே என்று மஞ்சள் தடவியிருக்கிறாள். நான் அதைச் சாமிக்குக் கொடுத்துவிட்டு, என்னிடம் தரவே இல்லை என்று ஊரைக் கூட்டியிருக்கிறேன். இப்படி ஒரு தப்பை எந்த வக்கீல் எந்தக் கூட்டத்தில் எச்சரிப்பார்? என்னைப் போன்ற ஒருத்தியால்தான் செய்ய முடியும். காது இரண்டும் சுட்டது. ஒன்பது வருடம் என் அடுப்படியில் நின்றவனை, கூசாமல் பொய்யனாக்கிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அடுப்படிக்குப் போனேன். ஆனால் என் வாய்க்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"உன்னை யாரு இன்னைக்கு வரச் சொன்னது? கரண்டியைக் கீழ வை. போ, இப்பவே போ!"

அவன் பயந்துபோனான். வேலையை விட்டே அனுப்புகிறேன் என்று நினைத்துவிட்டான் பாவம். பிறகு என் கையில் இருந்த தாளைப் பார்த்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, வெங்காயத்தின் மேல் பழியைப் போடலாம் என்றால் அன்றைக்கு இன்னும் வெங்காயமே உரிக்கவில்லை. நான் பிரித்துப் பார்க்கவில்லை தம்பி, தப்பு என்னுடையதுதான் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவன் சிரித்தே விட்டான். கையைத் துடைத்துக்கொண்டு, சாம்பாருக்கு உப்பு இத்தனை கை, ரசத்துக்கு மிளகு என்று சொல்ல ஆரம்பித்தான். நான் காதைப் பொத்திக்கொண்டேன். லீவில் இருக்கிறவன் உப்பு அளவு சொன்னால் அதுவும் வேலைதான், அபராதம் எனக்குத்தான் வரும், கிளம்பு என்று விரட்டினேன்.

வீட்டுக்காரர் ஏற்கெனவே வேனைக் கிளப்பி வைத்திருந்தார். முன்சீட்டைத் துடைத்து, என் புதுச் சேலை ஒன்றை விரித்திருந்தார். எந்தச் சேலை என்று அவர் கேட்கவும் இல்லை, நான் தடுக்கவும் இல்லை. அந்தப் பிள்ளை முதன்முதலாக வீட்டுக்குப் போனது எங்கள் சமையல் வேனில்தான், பெருங்காய மணத்தோடு. கடைசிவரைக்கும் தும்மவே இல்லை, தொழிலுக்கு ஏற்ற பிள்ளை என்று திரும்பி வந்து எல்லாரிடமும் சொன்னார்.

அறுநூறு இலை என் தலையில் விழுந்தது. ஆறு வருடமாகப் பெரிய அண்டாவில் கரண்டி போடாதவள் நான். அளவு எதையும் நாங்கள் எழுதி வைக்கவும் இல்லை. தம்பி உப்பைக் கையால் அள்ளித்தான் போடுவான், அந்தக் கை பண்டார் தெங்காராவில் இருந்தது. ஒரே ஆள் கையை நம்பித் தொழிலை நடத்துவது ஆபத்து என்றும் அந்த வக்கீல் சொல்லியிருக்கலாம், நான் பிரியாணியிடம் இருந்தேன். இரண்டு தடவை அவனுக்குப் போன் போடப் போனேன். இரண்டாம் தடவை வீட்டுக்காரர் போனைப் பிடுங்கி அரிசி மூட்டைக்குள் புதைத்துவிட்டார். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், ஞாயிறு காலை அந்த நெருப்புக்கு முன்னால் நின்று, வியர்வை வழிய, கடுகு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கூட இருந்த இரண்டு பெண்களும் என்னை அதட்டி அதட்டி வேலை வாங்கினார்கள்.

பொந்தியானில் சாம்பார் கொஞ்சம் தண்ணியாகத்தான் இருந்தது. ரசம் பிரமாதம். கல்யாணப் பெண்ணின் அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இன்றைக்கு வேறு கை போலிருக்கிறதே என்றார். மறைக்கவில்லை, நடந்ததைச் சொன்னேன். ஏழு வருடத்துக்குப் பிறகு பிறந்த குழந்தை என்றதும் அவர் எழுந்து உள்ளே போனார். மணமேடைத் தட்டிலிருந்து ஒரு பட்டுத் துணியை எடுத்து, அந்தக் குழந்தைக்குத் தொட்டில் கட்டுங்கள் என்று கொடுத்தார். அன்று மாலையே வீட்டுக்காரர் அதைத் தம்பி வீட்டில் சேர்த்துவிட்டார்.

அந்த வாரம் முழுக்க நானே சமைத்தேன். ஒரு மதியம் ஓய்ந்து உட்கார்ந்தபோது, கூட்டத்தில் கொடுத்த குறிப்புத் தாளை எடுத்துப் படித்தேன். முப்பது நாளுக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்ற வரிக்குப் பக்கத்திலேயே, இல்லாவிட்டால் பிள்ளை பிறந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சொன்னால் போதும் என்று இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை காலை அவன் வந்து நின்றதே போதுமானது. வீட்டுக்காரரிடம் காட்டினேன். வக்கீல் அதைச் சொன்னபோது நீ பிரியாணி அண்டா மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்றார்.

ஏழாம் நாள் சாயந்தரம் நானும் வீட்டுக்காரருமாகப் பண்டார் தெங்காராவுக்குப் போனோம். எண்ணெய்ப்பனைத் தோட்டங்களைத் தாண்டி, வரிசை வீட்டில் கடைசிக்கு முந்திய வீடு. வாசலிலேயே பூண்டு வாசம். பட்டுத் துணியில் தொட்டில் கட்டியாகிவிட்டது, ஆனால் பிள்ளை அதில் இல்லை, அப்பா தோளில் இருந்தது. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் கரண்டி. மனைவிக்குப் பத்தியச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தான். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, குழையக் குழைய வடித்த சோறு. போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

அவள் எப்போதும் குனிந்தபடி பேசுகிறவள். அன்றைக்கு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஊரே இவர் சமையலைச் சாப்பிட்டிருக்கு அக்கா. சனி ஞாயிறு வந்தா இவர் யாரோட கல்யாணத்துலயாவது இருப்பாரு, வீட்டுக்கு வரும்போது நான் சாப்பிட்டு முடிச்சிருப்பேன். ஏழு வருஷத்துல, இவர் சுடச்சுடப் போட்டு, பக்கத்துல உட்கார்ந்து, நான் சாப்பிட்டது இந்த ஏழு நாள்தான்."

குறையாக அவள் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். ஆறு வருடமாக அவன் கையின் முதல் கரண்டி தினமும் என் மேசைக்கு வந்திருக்கிறது. நான் தலையை மட்டும் அசைத்திருக்கிறேன்.

தம்பி எழுந்து, நாளைக்கு ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுகிறேன் அக்கா என்றான். அவள் கை சோற்றில் அப்படியே நின்றது.

"வராத தம்பி. ஏழு நாளுக்குக் குறைக்கக் கூடாதுன்னுதான் சட்டம் சொல்லுது. கூட்டக் கூடாதுன்னு எங்கயும் எழுதல, நான் முழுசா படிச்சிட்டேன். பிள்ளைக்குப் பதினாறாம் நாள் சாமி கும்பிட்டுட்டு வா, சம்பளம் ஓடும்."

அப்போ அதுவரைக்கும் சமையல் என்று வீட்டுக்காரர் இழுத்தார். நான்தான் என்றேன். அலமாக், ஐயையோ என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். தம்பி பிள்ளையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான்.

அவன் மனைவி எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நின்றுபோன கையால் சோற்றை மறுபடியும் பிசைந்துகொண்டே அவனைக் கேட்டாள்:

"அப்போ நாளைக்கு என்ன குழம்பு?"